மெத்தைக்கு இஸ்திரி

விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் வந்த மனுஷன் காலை ஆறு மணிக்கு என்ன செய்வான்? கடலைப் பார்ப்பான், காபி குடிப்பான், ஒன்றும் தோன்றாவிட்டால் புரண்டு படுத்து இன்னொரு தூக்கம் போடுவான். நானோ ஈரச் சோப்புக் கட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல், தலையணையை முறைத்துக்கொண்டிருந்தேன்.

உறையின் தையல் ஓரமாக ஒரு மூட்டைப்பூச்சி போய்க்கொண்டிருந்தது. விருந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற பெரிய மனுஷர் நடை. விருந்து யார் என்று கேட்க வேண்டாம், என் முழங்கையில் மூன்று தடிப்பு வரிசையாக எழும்பியிருந்தது. சோப்பை மெதுவாக அதன்மேல் வைத்து எடுத்தேன், ஒட்டிக்கொண்டது. நசுக்கினால் கறையும் நாற்றமும்தான் மிச்சம். இது நாங்கள் லாட்ஜில் கற்ற வித்தை.

முப்பத்தேழு வருஷம் லாட்ஜிலும் ஓட்டலிலும் அடுத்தவர் படுத்து எழுந்த படுக்கையைச் சரிசெய்தே சோறு தின்றவன் நான். அறை துடைக்கிற ஆளாகச் சேர்ந்து மேற்பார்வையாளனாக ஓய்வு பெற்றேன். மூட்டைப்பூச்சிக்கெல்லாம் நடுங்குகிற ஜாதி இல்லை. ஆனாலும் அன்றைக்கு வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பூச்சிக்குப் பயந்து அல்ல, என் பெண்டாட்டி பார்த்துவிடுவாளோ என்று.

அவளைப் பற்றி ஒன்று சொன்னால்தான் இது விளங்கும். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவள் இன்னொருவர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியது கிடையாது. நல்லதோ கெட்டதோ, எந்த வீட்டுக்குப் போனாலும் கடைசி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவாள். பஸ் இல்லாத தூரம் என்றால் போகவே மாட்டாள். "எனக்கு வேற இடத்துல தூக்கம் வராது" என்று ஒரே பதில். வீட்டிலோ போர்வை, தலையணை, மெத்தை ஓரம் என்று வாரம் தவறாமல் எல்லாவற்றையும் இஸ்திரி போடுவாள். "தரையை ஏன் விட்டுட்டே? அதையும் ஒரு இழு இழுத்துடு" என்று நான் கிண்டல் பண்ணுவேன். எல்லாக் கிண்டலுக்கும் சிரிக்கிறவள் அதற்கு மட்டும் சிரிக்கமாட்டாள். சுத்தப் பைத்தியம், பிறவிக் குணம் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறாள். இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், இப்போது மூன்றாவது, ஏழாம் மாசம். அசையாமல் படுத்திரு என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அம்மா, பிரசவம் வரைக்கும் என்கூட வந்து இரும்மா" என்று அவள் கெஞ்ச, இவள் "நீ இங்க வந்துடேன்" என்று மழுப்ப, ஒருநாள் போனிலேயே பெண் உடைந்துவிட்டாள். "கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு. என் வீட்ல நீ ஒரு தடவை படுத்ததில்லை. அப்படி என்னம்மா என் வீடு உனக்கு?"

அன்றைக்கு என் மனைவி சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து மகளே ஒரு வழி சொன்னாள். "நாலு ராத்திரி எங்கயாவது போய்த் தங்கிப் பாரு. உன்னால முடிஞ்சா அப்புறம் என் வீட்டுக்கு வா. முடியலைன்னா நான் இனிமே கேட்கவே மாட்டேன்." அவளே தேடிப்பிடித்து இந்தக் கடற்கரை வீட்டு மாடி அறையை எங்களுக்குப் பதிவு செய்தாள்.

முந்தின நாள் மத்தியானம் வந்து சேர்ந்தோம். இவள் பையைக் கட்டில் பக்கமே கொண்டுபோகவில்லை, நேராகக் குளியலறைத் தரையில் வைத்தாள். டார்ச் விளக்கைப் பிடித்து மெத்தை ஓரம், மடிப்பு, கட்டில் கால் எல்லாம் பார்த்தாள். நானும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ராத்திரி தலை முதல் கால் வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு, கட்டிலின் விளிம்பில், விழுந்துவிடுவாளோ என்று நான் பயப்படும்படி படுத்தாள். காலையில் ஐந்தே முக்காலுக்கு எழுந்து செருப்பைத் தேடினாள்.

"என்னங்க, நான் தூங்கிட்டேன் போலிருக்கே!" என்றாள். பரீட்சையில் பாஸான குழந்தையின் முகம். "கடலை ஒரு எட்டு பார்த்துட்டு வரேன்."

அவள் படியிறங்கிப் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்தப் பெரிய மனுஷர் தலையணையில் நடைபயிற்சி போகிறார்! எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பூச்சியிடமே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஒரு வாரம் கழித்து வந்திருக்கக் கூடாதா? வேறு ஆளே கிடைக்கவில்லையா உனக்கு?

ஒரு பூச்சி என்றால் அது தனியாள் இல்லை. எங்கே குடித்தனம் என்று தேடினேன். மெத்தை சுத்தம், கட்டில் சட்டம் சுத்தம். அப்போதுதான் கட்டிலின் தலைமாட்டுப் பலகை கண்ணில் பட்டது. சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் பூச்சி தேடப் பழகிய பழைய லாட்ஜில் இரும்புக் கட்டில்தான், பலகை எல்லாம் ஏது? அதனால்தான் இரண்டு பேருக்குமே அங்கே பார்க்கத் தோன்றவில்லை. பழம் நறுக்குகிற கத்தியின் நுனியால் திருகாணியைக் கழற்றிப் பலகையை இழுத்தேன். உள்ளே கறுப்புப் புள்ளிகள், உரித்துப் போட்ட தோல்கள், முட்டைகள், தாத்தா முதல் பேரன் வரை மொத்தக் குடும்பமும் இருந்தது.

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இஸ்திரிப் பெட்டி இருக்கா?"

"இருக்கே. சட்டை தேய்க்கணுமா? குடுங்க, நானே தேய்ச்சுத் தரேன்."

"சட்டை இல்லை. மெத்தை."

அந்தம்மா தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். புரிந்துவிட்டது. "எத்தனை?" என்றார் மெதுவாக.

"எண்ணலை. பலகைக்குப் பின்னாடி கல்யாணக் கூட்டம் மாதிரி இருக்கு."

"ஐயோ, மெதுவாப் பேசுங்களேன். எல்லா ரூம்லயும் ஆள் இருக்காங்க. மருந்து அடிக்கிறவர் நாளைக்குத்தான் வருவார். மாத்திக் குடுக்க வேற ரூமும் இல்லையே, நான் என்ன பண்ணுவேன்?"

இப்படிப்பட்ட நேரத்தில் பேசுவதற்கென்றே என்னிடம் நீளமான வசவு ஒன்று தயாராக இருக்கும். எத்தனையோ பேரிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "பெட்டியைக் குடுங்க. நான் பார்த்துக்கறேன். என் சம்சாரம் வந்தா மட்டும் வாயைத் திறந்துடாதீங்க" என்றேன். அந்தம்மா ஓடிப்போய்ப் பெட்டியோடு இரண்டு பழைய துண்டும் கொண்டுவந்து கொடுத்தார்.

கொதிக்கிற வெந்நீரைப் பலகையில் ஊற்றித் தேய்த்துக் கழுவிப் பால்கனி வெயிலில் சாய்த்தேன். பிறகு துண்டை நனைத்துப் பிழிந்து, மெத்தைத் தையலின் மேல் விரித்து, பெட்டியை வைத்து அழுத்தினேன். சொய்ங் என்று ஆவி வந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வயசு இருபத்துநாலு ஆகிவிட்டது. நான் என்ன செய்ய?

ரயில் நிலையத்துக்கு எதிரே நாலு மாடி லாட்ஜ். எனக்கு மூன்றாவது மாடி. அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது, வேலைதான் பேர். என்னை எல்லோரும் "மூணாம் மாடி" என்பார்கள். மேனேஜர் நடந்தால் இடுப்பில் சாவிகள் குலுங்கும், அவர் "சாவிக்கொத்து". மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அங்கே கரிப்பெட்டி வைத்து நாற்பது அறைகளின் விரிப்பையும் தேய்க்கிற பெண்ணுக்கு "இஸ்திரி" என்று பேர். நான் இன்றைக்கும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அந்த மொட்டை மாடியை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்கிறது. கொடி கொடியாக வெள்ளை விரிப்புகள். ரயில் வரும்போது எல்லாம் ஒரே பக்கம் உப்பும். அவள் பெட்டியைத் தூக்கிக் கன்னத்துக்கு அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பாள். "ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் மூஞ்சியைப் பொசுக்கிக்கப் போறே" என்பேன். "பொசுங்கினா உனக்கென்ன, நீயா கட்டிக்கப் போறே?" என்பாள். என் மாடிக்குத் துணி எடுக்க ஒரு நடை போதும், நான் நாலு நடை போவேன். மடித்த விரிப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்குவேன். என் மாடிக்கு வந்து சேர்ந்த பிறகும் அவள் தேய்த்த சூடு அதில் இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை "மெத்தை நாள்" வரும். எல்லா மெத்தையையும் தலையில் சுமந்து மொட்டை மாடிக்கு ஏற்றி, வெயிலில் போட்டுக் கம்பால் அடிப்போம். அவள் ஈரத்துணி போட்டு ஓரமெல்லாம் பெட்டியை இழுத்துக்கொண்டே வருவாள். நான் சோப்புக் கட்டியோடு பின்னால் போய், தப்பி வெளியே வருகிறதை ஒட்டி எடுப்பேன். "எத்தனை ஆச்சு?" என்று அவள் கேட்க, நான் பத்தை இருபதாக்கிச் சொல்லுவேன். முதுகில் வெயில் உரிக்கும், துவைத்துப் போட்டாலும் புழுதி போகாது. எனக்கோ வருஷத்தில் அந்த நாலு நாள்தான் திருநாள்.

இந்த நினைப்பெல்லாம் தலைக்குள் ஓட, நான் மெத்தையின் கால்மாட்டுத் தையலில் சுகமாகப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்ததை மறந்தே போனேன்.

"என்ன பண்றீங்க?"

கையில் நாலைந்து சிப்பிகளோடு வாசலில் நிற்கிறாள். நான் கட்டிலின்மேல் முட்டி போட்டு உட்கார்ந்து மெத்தைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

"மெத்தை கொஞ்சம் கசங்கியிருந்துச்சு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பால்கனியில் சாய்த்திருந்த பலகையைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த சோப்புக் கட்டியைப் பார்த்தாள். அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முகத்தில் இருந்த கடற்காற்றெல்லாம் ஒரே நொடியில் வடிந்துவிட்டது. சிப்பிகளை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். பிளாஸ்டிக் உறைகளைப் பிரித்து, துணிகளை ஒவ்வொன்றாக அதில் திணித்து இறுக்கி முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே நீ?"

"ஊருக்குப் போலாம். அடுத்த பஸ் எத்தனை மணிக்குன்னு கேளுங்க."

"இரு, இரு. இங்க வந்து இந்தப் பலகையைப் பாரு. கறையைப் பாரு, உரிச்ச தோலைப் பாரு. இது மூணு மாசக் குடித்தனம். நாம வந்து ஒரு நாள்கூட ஆகலை. இதுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. என்னை லாட்ஜை விட்டு அனுப்பினப்பவும் 'உன் மேல தப்பில்லை'ன்னு நூறு தடவை சொன்னீங்க. யார் மேல தப்புன்னு எனக்குத் தெரியும்."

தெரிந்துவிட்டதா? இத்தனை வருஷமாகத் தெரியுமா?

"யார் மேல?" என்றேன்.

"என் மேலதான்."

முடிச்சுப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அப்போ நான் எங்க அத்தை வீட்லதானே இருந்தேன். அந்தக் கட்டில் பூரா மூட்டைப்பூச்சி. யார்கிட்டயும் சொன்னதில்லை, வெட்கம். என் துணி மடிப்புல ஏறி என்கூட லாட்ஜுக்கு வந்திருக்கு. மேனேஜர்கிட்ட என் பெட்டிச் சூட்டுல எதுவும் தப்பாதுன்னு வீராப்பாப் பேசினேனே தவிர, உள்ளுக்குள்ள தெரியும். அந்த 307-ம் நம்பர் ரூம்ல தங்கின குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு, அதுக்குத்தானே என்னை அனுப்பினாங்க. நான்தான் கொண்டுபோனேன். அதுக்கப்புறம் யார் வீட்லயும் தலை சாய்க்கக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். நம்ம பொண்ணு வீட்ல பச்சைக் குழந்தை வரப் போகுது. பாருங்க, ஒரு ராத்திரிதான் வெளிய படுத்தேன், இங்கயும் வந்துடுச்சு."

சுத்தப் பைத்தியம் என்று நினைத்தேனே! தரையையும் தேய் என்று சிரித்தேனே! முப்பத்தைந்து வருஷமாக அவள் ஒவ்வொரு வாரமும் இஸ்திரி போட்டுப் பொசுக்கப் பார்த்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓங்கி என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

மறுபடியும் "உன் மேல தப்பில்லை" என்று சொல்லிப் பார்க்கலாம். நம்பமாட்டாள். அடுத்த பஸ் ஏறிவிடுவாள். மகள் தனியாகப் படுத்திருப்பாள், அம்மா வரவே மாட்டாள்.

பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். "இஸ்திரி, உட்காரு."

"நேரமாகுது."

"உட்காருன்னு சொல்றேன்ல!" கத்திவிட்டேன். அவள் குளியலறை வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பூச்சி உங்க அத்தை வீட்டுது இல்லை. என்னோடது."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அந்த மாசம் பழைய சாமான் சந்தையில ஒரு கம்பளி வாங்கினேன், ஞாபகம் இருக்கா? பச்சைக் கலர். எல்லார்கிட்டயும் காட்டிப் பீத்திக்கிட்டேன். மூணாம் மாடியில துணி வைக்கிற அறை இருந்துச்சே. யாரும் அங்க படுக்கக் கூடாதுன்னு சட்டம். நான் மத்தியானத்துல உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டு, நீ மடிச்சுக் குடுத்த விரிப்பு மேலேயே அந்தக் கம்பளியைப் போட்டுப் படுத்துத் தூங்குவேன். ஒரு வாரம் கழிச்சுத்தான் பார்த்தேன், கம்பளி ஓரம் பூரா மூட்டைப்பூச்சி. அதுக்குள்ள விரிப்புக்குள்ள ஏறிடுச்சு. 307-க்கு அதைத்தான் நானே போட்டு விரிச்சேன்."

அவள் கையில் இன்னும் இருந்த உறையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேனேஜர் உன்னை நிக்கவெச்சுக் கேட்டப்போ நானும் அங்கதான் நின்னேன். சொல்லணும்னு வாயைத் திறந்தேன். வரலை. வேலை போயிடும்னு பயம். நீ ஸ்கூல் பக்கத்துல வண்டி போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சப்புறம் வாராவாரம் வந்தேனே, அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்ல முடியாம ஒவ்வொரு தடவையும் சட்டையைக் குடுத்துத் தேய்ச்சு வாங்கிட்டுத் திரும்பினேன். அப்புறம் கல்யாணம் ஆச்சு. அப்புறம் சொல்ல இன்னும் பயமாயிடுச்சு."

"அந்தக் கம்பளி திருடு போச்சுன்னு சொன்னீங்களே?"

"எரிச்சேன். நீ போன அன்னிக்குச் சாயங்காலம், உன் தகர அறைக்குப் பின்னாடி."

"நீங்க படுக்கிறதுக்குக் கீழ ஒரு ஹால் இருந்துச்சே. அந்த அறைக்கு எதுக்குப் போனீங்க?"

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அறுபத்தொரு வயசில். "நீ தேய்ச்ச சூடு அந்தத் துணியில இருக்கும். அதுக்குத்தான்."

அவள் உதடு ஒரு பக்கம் அசைந்தது. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பாவி, அந்த நேரத்திலும் நான் மன்னிப்புக் கிடைக்குமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரவில்லை.

"என்னை அனுப்பின அன்னிக்கு ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கலை" என்றாள். "நீங்க மட்டும் என் பையை வாங்கி, மொட்டை மாடியில இருந்து தெருவரைக்கும் தூக்கிட்டு வந்தீங்க. இந்த லாட்ஜ்ல ஒருத்தனாவது மனுஷனா இருக்கானேன்னு நெனச்சேன். அதை நெனச்சுத்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன்."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்பத்தேழு வயசாகுது எனக்கு. என் பொண்ணு வீட்ல ஒரு ராத்திரி அவகூடப் படுத்துப் பேசினதில்லை. ரெண்டு தடவை அவளுக்குக் கலைஞ்சப்பவும் பக்கத்துல இல்லை. ஒரு வார்த்தை, மூணாம் மாடி. ஒரே ஒரு வார்த்தை."

கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. எழுந்தாள். மெத்தைப் பக்கம் போய், ஒயரை மறுபடியும் சொருகி, கொஞ்ச நேரம் நின்று, பெட்டியைத் தூக்கிக் கன்னத்துக்கு அருகே பிடித்தாள். கறுப்பாக இருந்த கூந்தல் நரைத்ததைத் தவிர அதே நிற்பு.

"சூடு பத்தலை. இந்தச் சூட்டுக்கு அது குளிர் காயும்." திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்தாள். "நாலு ஓரமும் தேயுங்க. அடிப்பக்கமும். நான் லீவுல வந்திருக்கேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மணலில் உட்கார்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முதுகு குலுங்குவது அங்கிருந்தே தெரிந்தது. இறங்கிப் போகக் கால் வந்தது, தைரியம் வரவில்லை. மெத்தையைத் தேய்த்தேன். நாலு ஓரம், அடிப்பக்கம், தலையணைகள், திரைச்சீலையின் மடிப்பு, நாற்காலியின் தையல், ஒன்றையும் விடவில்லை. நடுவில் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்தைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் இன்னும் இரண்டு துண்டை வைத்துவிட்டுப் போனார். முன்பெல்லாம் இந்த ஆவிச் சத்தத்தில் எனக்கு மொட்டை மாடியும் அவள் பேச்சும்தான் ஞாபகம் வரும். அன்றைக்கு அதே மாடியிலிருந்து அவள் பையைத் தூக்கிக்கொண்டு நான் படியிறங்கியதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

பகல் ஒரு மணிக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைத் தாண்டிப் போய்ப் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், நான் கேட்க வேண்டும் என்றே.

"அம்மா! ராத்திரி தூங்கினியா?"

"தூங்கினேன். கேளு. இன்னும் மூணு ராத்திரி இங்க இருக்கேன். அப்புறம் வீட்டுக்குப் போகலை, நேரா உன்கிட்டதான் வரேன்."

"நிஜமாவா? எத்தனை நாள் இருப்பே?"

"உன் குழந்தை தவழற வரைக்கும். உன் பக்கத்துலயே படுத்துக்கறேன். உன் வீட்டுக்காரரை ஹால்ல படுக்கச் சொல்லு."

மகள் அழுவதும் சிரிப்பதும் ஒன்றாகக் கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பாவும் வராரா?" என்றாள்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உண்மையைச் சொன்னதற்குப் பிறகு அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"இல்லைம்மா" என்றாள். "அவருக்கு வேற இடத்துல தூக்கம் வராது."

போனை வைத்தாள். குளியலறைக்குப் போய், முடிச்சுப் போட்ட உறைகளைப் பிரித்து, துணிகளைப் பைக்குள் திரும்ப வைத்து, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலின் நட்டநடுவில் தொப்பென்று போட்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் பை கட்டில்மேல் ஏறி நான் பார்த்ததில்லை. டார்ச்சைத் தொடவில்லை. ஒரு ஓரத்தையும் தூக்கிப் பார்க்கவில்லை. பையில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, கை காலை நீட்டி நன்றாகப் படுத்தாள். உள்ளங்கையால் மெத்தையை ஒரு தடவை தடவினாள்.

"இன்னும் சூடு இருக்கு" என்றாள், என்னிடம் இல்லை, சும்மா.

ஐந்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது. நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் மெதுவாக நகர்த்தி, அவள் வைத்த சிப்பிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அவள் எழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.